பீட்: அசலை எரித்த அடுப்பு

போன தைப்பட்டத்தில் கத்தரியும் மிளகாயும் குழித்தட்டில் நாற்று விடலாம் என்று கடைக்குப் போனேன். "கோகோ பீட் தீர்ந்துபோச்சு சார். இது ஒரிஜினல் பீட், வெளிநாட்டுச் சரக்கு, முழுக்க இயற்கை" என்று கடைக்காரர் ஒரு பையை எடுத்துக் கொடுத்தார். விலை கொஞ்சம் கூடத்தான். 'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டதும் நானும் வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் பையைப் பிரித்தால், காப்பித் தூள் நிறத்தில் பஞ்சு போல இருந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. "ஏங்க, இது எந்த ஊரு எருங்க?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார். பையின் பின்புறம் லாத்வியா என்று ஒரு நாட்டின் பெயர் இருந்தது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயிருக்குப் போடுவது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இயற்கை விவசாயி என்று சொல்லிக்கொள்வது எப்படி? அதனால் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

பீட்டை மூட்டை கட்டித் தோட்டத்துக்கு விற்பது பிற்காலத்துக் கதை. அதற்கு முன்னால் நூற்றாண்டுக் கணக்கில் அதை அடுப்பில் வைத்து எரித்திருக்கிறார்கள். பின்னாளில் அதிலேயே மின்சாரமும் எடுத்தார்கள். இந்தக் கதையை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்க்க ஏற்ற நாடு அயர்லாந்து. ஆகவே பாடம் அங்கேதான் நடக்கிறது.

பீட் என்பது என்ன?

பள்ளிக்கூடத்தில் நிலக்கரி வகைகள் என்று நாலு பெயர் மனப்பாடம் செய்திருப்போம்: ஆந்த்ரசைட், பிட்டுமினஸ், லிக்னைட், பீட். கடைசியாக வருகிற பீட்தான் இது. நிலக்கரி ஆவதற்கான முதல் படி. நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு சதுப்பில் படிந்த பீட்டாக இருந்ததுதான்.

எப்படி உண்டாகிறது? மக்கு எரு போடுகிற நமக்கு இது எளிதாகப் புரியும். குப்பை மக்க வேண்டுமானால் ஈரம் வேண்டும், காற்றும் வேண்டும். குழி முழுக்கத் தண்ணீர் நின்றால் எரு மக்காது. காற்று இல்லாததால் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். இந்த நிலை ஒரு பருவத்துக்கு இல்லாமல் பத்தாயிரம் ஆண்டுகள் நீடித்தால் என்ன ஆகும்? அதுதான் பீட்.

குளிர்ந்த, மழை மிகுந்த நாடுகளில் ஸ்பாக்னம் என்றொரு பாசி சதுப்பு முழுக்கப் பாய் போலப் படர்கிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைப்பதோடு, சுற்றியுள்ள நீரைப் புளிப்பாகவும் மாற்றுகிறது. மேலே புதுப் பாசி வளர, கீழே பழைய பாசி செத்து அமுங்குகிறது. அது முழுசாக மக்குவதில்லை. ஆண்டுக்கு அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டர் உயரும். அதைவிடக் குறைவாக வளரும் இடங்களும் நிறைய. ஒரு மீட்டர் பீட் சேர ஆயிரம் ஆண்டுக்குக் குறையாது. அயர்லாந்தின் நடுப்பகுதியில் பனியுகம் முடிந்த காலத்தில் இருந்து வளர்ந்த மேட்டுச் சதுப்புகள் பத்து மீட்டருக்கு மேலும் ஆழம் போகின்றன.

காற்றுப் படாத இடத்தில் எதுவும் மக்காது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அயர்லாந்தில் லாங்ஃபோர்டு மாவட்டத்தில் கோர்லே என்ற ஊர். 1980-களில் பீட் எடுத்துக்கொண்டிருந்த சதுப்பில் ஓக் மரப்பலகைகள் பரப்பிய ஒரு பழைய பாதை வெளிப்பட்டது. மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அந்த மரங்கள் கி.மு. 148-ஐ ஒட்டி வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் பலகை பலகையாகவே இருந்தது. மரமே அப்படி இருந்தால், மரத்தைச் சுற்றியிருந்த பாசியின் கரிமமும் அப்படியே இருந்தது என்றுதானே அர்த்தம்?

வரட்டி அடுக்குவது போல

அயர்லாந்தில் ஐந்தில் ஒரு பங்கு நிலம் பீட் நிலம். காடுகள் பெரும்பாலும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. சொந்த நிலக்கரியும் குறைவு. குளிரோ எலும்பைத் துளைக்கும். ஏழைக் குடும்பம் எதை எரிக்கும்? சதுப்பைத்தான் எரித்தது. எரிப்பதற்காக வெட்டிக் காயவைத்த பீட்டை அங்கே டர்ஃப் என்கிறார்கள்.

வசந்த காலம் பிறந்ததும் குடும்பத்தோடு சதுப்புக்குப் போவார்கள். மேலே இருக்கிற புல்கரணையைச் செதுக்கி எடுத்துவிட்டு, 'ஸ்லான்' என்ற மண்வெட்டியால் செங்கல் செங்கலாக வெட்டுவார்கள். பக்கத்தில் சின்ன இறக்கை போல ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும் மண்வெட்டி அது. வெட்டிய உடனே அந்தக் கட்டியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தரையில் பரப்பி, கொஞ்சம் இறுகியதும் நாலைந்து கட்டிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திக் காற்றாட விடுவார்கள். நம் பெண்கள் வரட்டி காயவைப்பதையும் அடுக்குவதையும் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதுசாகத் தெரியாது. கோடை முடிவதற்குள் கழுதை வண்டியில் ஏற்றி வந்து வீட்டுச் சுவரோரம் அடுக்கினால் ஒரு குளிர்காலத்துக்கு ஆச்சு.

நிலம் ஒருவருடையதாக இருக்கும். அதில் டர்ஃப் வெட்டும் உரிமை இன்னொரு குடும்பத்துக்கு இருக்கும். இதை டர்பரி உரிமை என்கிறார்கள். புறம்போக்கில் விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் நம் ஊரில் வழிவழியாக இருந்த வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பல தலைமுறைகளாக ஏழைக்குக் கூரைக்கு அடுத்தபடி அதுதான் சொத்து. ஆகவே, "பீட்டை எரிக்காதே" என்று சொல்ல வருகிறவர் முதலில் இதைத் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும்.

மண்வெட்டி போய் மின்நிலையம் வந்தது

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் இருந்து வரும் நிலக்கரி சுருங்கிப்போனது. டப்ளின் நகரம் குளிரில் நடுங்காமல் இருக்க, நாட்டின் சதுப்புகளில் இருந்து டர்ஃப் வெட்டிக் கொண்டுவந்து அங்குள்ள ஃபீனிக்ஸ் பூங்காவில் மலைபோல் குவித்தார்கள். சொந்த எரிபொருள் இல்லாத நாட்டுக்கு அது மறக்க முடியாத பாடம். 1946-இல் 'போர்ட் ந மோனா' என்ற அரசு நிறுவனம் உருவானது. பெயரின் பொருளே 'டர்ஃப் வாரியம்' என்பதுதான். 1950-இல் போர்ட்டார்லிங்டன் என்ற ஊரில் பீட்டை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஓட ஆரம்பித்தது. பின்னால் பல ஊர்களில் அப்படி நிலையங்கள் வந்தன. வேலையில்லாமல் கப்பலேறிக்கொண்டிருந்த நடுநாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இதில் பிழைத்தார்கள். இதையும் நேர்மையாக வரவில் எழுத வேண்டும்.

ஆனால் இயந்திர முறை ஸ்லான் முறை மாதிரி இல்லை. முதலில் சதுப்பு முழுக்க வரிசையாக வாய்க்கால் வெட்டி, ஆண்டுக்கணக்கில் நீரை வடிப்பார்கள். மேலே இருந்த உயிருள்ள பாசிப் பாயைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பிறகு கோடையில் இயந்திரம் ஓட்டி, மேலே ஒரு சென்டிமீட்டர் அளவைப் பொடியாக உழுது, புரட்டிக் காயவைத்து, குவித்து, சதுப்பின் மேலேயே போட்ட குறுகிய ரயில் பாதையில் மின்நிலையத்துக்கு அனுப்புவார்கள். ஒரு கோடையில் இப்படிப் பல தடவை. ஒவ்வொரு தடவைக்கும் பத்தாண்டுச் சேமிப்பு போகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிறுவனத்தின் கையில் மட்டும் சுமார் 80,000 எக்டேர் சதுப்பு இருந்தது.

கணக்குப் பார்ப்போம்

வங்கியில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு எதையும் பேரேட்டில் எழுதிப் பார்த்தால்தான் புரியும்.

முதல் கணக்கு, வெப்பம். நன்றாகக் காய்ந்த டர்ஃப் கட்டி ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 13 மெகாஜூல் வெப்பம் வரும். நம் வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று தருகிற வெப்பத்தை எடுக்க ஐம்பது கிலோ டர்ஃப் வேண்டும். ஈரம் அதிகமுள்ள பொடிப் பீட்டில் வெப்பம் இன்னும் குறைவு.

இரண்டாவது கணக்கு, புகை. ஒரு டெராஜூல் வெப்பம் எடுக்க, அதாவது சுமார் 1,500 சிலிண்டர் அளவு வெப்பத்துக்கு, எந்த எரிபொருள் எவ்வளவு கரியமில வாயுவை விடுகிறது என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு பட்டியல் வைத்திருக்கிறது. இயற்கை எரிவாயு 56 டன். டீசல் 74. பிட்டுமினஸ் நிலக்கரி 95. லிக்னைட் 101. பீட் 106 டன். நிலக்கரியைக் கெட்டது என்கிறோம். அதைவிடவும் மோசமாக பீட் நிற்கிறது.

இங்கே ஒரு கேள்வி வரும். "விறகை எரித்தாலும் இதே அளவுக்குக் கரியமில வாயு வருமே? பீட்டும் செடிதானே? மறுபடி வளராதா?" நியாயமான கேள்வி. பீட் தொழிலில் இருப்பவர்களும் இதையே, "மெதுவாகப் புதுப்பிக்கும் எரிபொருள்" என்று சொல்லிப் பார்த்தார்கள். விடை காலத்தில் இருக்கிறது. வரட்டி போன வருஷத்துப் புல். வேலிக்கருவேலம் அஞ்சாறு வருஷத்து மரம். எரித்த கரிமத்தை அடுத்த பயிர் திருப்பி எடுத்துக்கொள்ளும். பீட் மூவாயிரம், ஐயாயிரம் வருஷத்துப் பாசி. இன்று எரித்ததை அதே சதுப்பு திரும்பச் சேர்க்கிற வரைக்கும் நம் வம்சத்தில் யார் இருப்பார்கள்? அதனால்தான் பன்னாட்டுக் கணக்கில் பீட்டின் புகையை விறகோடு சேர்க்காமல் நிலக்கரி, எண்ணெய் போலவே கணக்கிடுகிறார்கள்.

மூன்றாவது கணக்கு, இருப்பு. பீட்டில் ஒரு கன மீட்டருக்குத் தோராயமாக 50 கிலோ கரிமம் இருக்கும். ஒரு ஏக்கர் என்பது 4,000 சதுர மீட்டர். ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கணக்குப் போட்டால் 200 டன் கரிமம். இப்போது நம் மண்ணுக்கு வருவோம். ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண் சுமார் ஒன்பது லட்சம் கிலோ. மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதம் என்று வந்தால், மொத்தம் நாலரை டன்தான். அந்த அரை சதவீதத்தை முக்கால் ஆக்க நாம் எத்தனை வருஷம் மூடாக்குப் போடுகிறோம், பலதானியம் விதைத்து மடக்கி உழுகிறோம்! அங்கே ஒரு ஏக்கரில் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் 200 டன் சும்மா கிடக்கிறது. பத்து மீட்டர் ஆழமுள்ள இடத்தை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

உலகத்தின் நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 சதவீதம்தான். அதற்குள் இருக்கும் கரிமமோ ஏறக்குறைய 60,000 கோடி டன். உலகத்தில் உள்ள அத்தனை காட்டு மரங்களிலும் இருப்பதைவிட அதிகம். பூமியின் மிகப் பெரிய வைப்புத்தொகை இது. வட்டியோ மிகக் குறைவு, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர். இப்படிப்பட்ட கணக்கில் இருந்து வீட்டுச் செலவுக்குப் பணம் எடுத்தால் அது வட்டியில் இருந்து வராது. அசலில் இருந்துதான் வரும்.

எரிக்காமலே எரிகிறது

இதுவரை சொன்னது அடுப்பில் போவது. ஆனால் பீட் விஷயத்தில் தீக்குச்சி இரண்டாவது குற்றவாளிதான். முதல் குற்றவாளி வடிகால் வாய்க்கால். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

நீர் வடிந்ததும் பீட்டுக்குள் காற்று நுழைகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பட்டினி கிடந்த நுண்ணுயிர்கள் விழித்து வேலையைத் தொடங்குகின்றன. பாசி மக்கிக் கரியமில வாயுவாகப் போகிறது. தீயும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் அதே வாயு, அதே அளவு. மின்நிலையத்தை மூடிவிட்டு வாய்க்காலை அப்படியே விட்டால், சதுப்பு பல பத்தாண்டுகள் இப்படி 'எரிந்து'கொண்டே இருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க இங்கிலாந்தில் ஒரு கம்பம் இருக்கிறது. ஹோம் ஃபென் என்ற பீட் நிலத்தை விவசாயத்துக்காக வடித்தபோது, 1851-ஐ ஒட்டி ஒரு இரும்புக் கம்பத்தைத் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி இறக்கினார்கள். இன்று அந்தக் கம்பத்தின் தலை தரையில் இருந்து நாலு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கம்பம் வளரவில்லை. நிலம் இறங்கிவிட்டது. தண்ணீர் போனதால் அமுங்கியது ஒரு பங்கு, கரைந்து காற்றில் போனது மீதி. ஹாலந்து நாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே வயல்கள் கிடக்க ஒரு காரணமும் இதுதான். நூற்றாண்டுகளாக பீட்டை வெட்டி எரித்தார்கள், மிச்சத்தை வடித்து உழுதார்கள், தரை இறங்கிக்கொண்டே போனது.

வடித்த பீட்டில் தீப்பிடித்தால் நிலைமை இன்னும் மோசம். நிலத்துக்கு அடியில் உமி மூட்டம் போல வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். இந்தோனேசியாவில் 1990-களின் நடுவில் போர்னியோ தீவின் சதுப்புக் காட்டில் பத்து லட்சம் எக்டேரை நெல் வயலாக மாற்றுகிறோம் என்று அரசாங்கம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டியது. அந்தப் புளிப்பு மண்ணில் நெல் தேறவில்லை. 1997-இல் வறட்சி வந்தது, வடிந்து காய்ந்த பீட் பற்றிக்கொண்டது. அந்த ஒரு வருஷத்தில் இந்தோனேசியத் தீயில் போன கரிமம், உலகமே நிலக்கரி, எண்ணெய் எரித்து ஒரு வருஷத்தில் விடுவதில் 13 முதல் 40 சதவீதம் வரை இருக்கும் என்று 2002-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நெல் பயிரிடப் போய் நடந்தது இது. திட்டம் கைவிடப்பட்டது, வாய்க்கால் மட்டும் நின்றுபோனது.

உலகத்தில் வடிக்கப்பட்ட பீட் நிலம் மொத்த பீட் நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். அதில் இருந்து வெளியாவது மனிதரால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 5 சதவீதம்.

வீட்டுக்குள் புகை, ஆற்றுக்குள் சேறு

கரியமில வாயு ஊருக்குப் பொதுவான கேடு. டர்ஃப் அடுப்பின் நுண்புகையோ அந்த வீட்டுக்கும் அந்தத் தெருவுக்கும் நேரடியான கேடு. விறகடுப்பில் இருமிய நம் அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2022 அக்டோபர் 31 முதல் அயர்லாந்தில் டர்ஃபைக் கடையிலும் இணையத்திலும் விளம்பரம் செய்தும் விற்கக் கூடாது என்று விதி வந்தது. டர்பரி உரிமை உள்ளவர்கள் தங்கள் தேவைக்கு வெட்டவும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கவும் விட்டுவைத்தார்கள்.

சதுப்பு ஒரு பஞ்சு. மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். வாய்க்கால் வெட்டினால் மழைநீர் அப்படியே ஓடுகிறது. கூடவே பீட் தூளும் ஆற்றில் இறங்கி, மீன் முட்டையிடும் கூழாங்கல் படுகையை மூடுகிறது. சதுப்பையே நம்பி வாழும் பறவைகளும், பூச்சி பிடித்து உண்ணும் பனித்துளிச் செடிகளும் இடம் இழக்கின்றன.

மூடியபோது யார் தலையில் விழுந்தது?

இனி வருகிற பகுதி உழவர் இயக்கத்தவர் நாம் கவனமாகப் படிக்க வேண்டியது.

பீட் மின்நிலையங்கள் லாபத்தில் ஓடியவை அல்ல. மக்களின் மின்கட்டணத்தில் ஒரு கூடுதல் வரி போட்டு, அதில் இருந்து பல வருஷம் மானியம் கொடுத்துத்தான் ஓட்டினார்கள். 2015-இல் போர்ட் ந மோனா, மின்சாரத்துக்கு பீட் எடுப்பதை 2030-க்குள் நிறுத்துவதாகச் சொன்னது. பதினைந்து வருஷம் அவகாசம் என்று தொழிலாளர்கள் நினைத்தார்கள். ஆனால் 2019-இல் ஷானன்பிரிட்ஜ் நிலையத்தைத் தொடர்ந்து நடத்த அனுமதி மறுக்கப்பட்டது. அந்த வருஷம் நவம்பரிலேயே அதையும் லேன்ஸ்பரோ நிலையத்தையும் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பரில் இரண்டும் மூடப்பட்டன. 2021 ஜனவரியில் பீட் எடுப்பதையே முற்றாகக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. மிச்சம் இருந்த எடண்டெரி நிலையமும் 2023 முடிவில் பீட்டை விட்டுத் தாவரக் கழிவுக்கு மாறியது.

முடிவு சரியான முடிவு. அவசரம்தான் வலித்தது. நிலையத்தை நம்பியிருந்த சிறு ஊர்களில் அப்பா, மகன் இருவரும் அங்கேயே வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. 'நியாயமான மாற்றம்' என்ற பெயரில் அரசு நிதி ஒதுக்கியது. சதுப்பை மறுபடி நனைக்கும் வேலையில் பழைய தொழிலாளர்கள் பலருக்கு இடமும் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

சின்ன வெட்டுக்காரர்கள் கதை வேறு. ஐரோப்பிய வாழிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1992-இல். அதன்படி காக்க வேண்டிய 53 மேட்டுச் சதுப்புகளில் டர்ஃப் வெட்டுவதை அயர்லாந்து உண்மையில் தடுக்க முனைந்தது 2010-க்குப் பிறகு. ஆண்டுக்கு 1,500 யூரோ வீதம் 15 வருஷத்துக்கு ஈடு, இல்லையென்றால் வேறு சதுப்பில் இடம் என்றார்கள். பலர் ஏற்றார்கள், சிலர் சங்கம் வைத்துப் போராடினார்கள். "பெரிய இயந்திரம் வைத்து எண்பதாயிரம் எக்டேரைச் சுரண்டியபோது எங்கே போனீர்கள்? என் தாத்தா வெட்டிய ஒரு வரப்பு அகலத்துக்கு மட்டும் சட்டமா?" என்பதுதான் அவர்கள் கோபத்தின் சாரம்.

கடன் வசூலில் நான் கண்டதும் இதுதான். பெரிய கடனுக்குப் பேச்சுவார்த்தை நடக்கும், சின்னக் கடனுக்கு வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். அதற்காகச் சின்னக் கடன் கடனில்லை என்று ஆகிவிடாது. வெட்டுக்காரர் வெட்டினாலும் சதுப்பு வடியத்தான் செய்யும், கரிமம் போகத்தான் செய்யும். ஆனால் மாற்று எரிபொருளும் குளிர் தாங்கும் வீடும் கொடுத்துவிட்டு "நிறுத்து" என்று சொல்வது ஒரு முறை. வெறுமனே "நிறுத்து" என்பது இன்னொரு முறை. முதல் முறைக்குத்தான் மக்கள் கூட வருவார்கள்.

மறுபடி தண்ணீர் விடுதல்

கெட்ட சதுப்பைத் திருத்த முடியுமா? ஓரளவுக்கு முடியும். வைத்தியம் வாய்க்காலை அடைப்பதில் தொடங்குகிறது. பீட்டாலேயே அணை போட்டு, நீர்மட்டத்தைத் தரையை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பாசி தானாக வரும், வராத இடத்தில் நடுவார்கள். அயர்லாந்தில் இப்படி 33,000 எக்டேரைத் திருத்த சுமார் 12.6 கோடி யூரோவில் திட்டம் நடக்கிறது.

நனைத்த சதுப்பில் இருந்து மீத்தேன் வாயு வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் நெல் வயலில் வருவது போலத்தான். முதல் சில வருஷம் அது கூடுதலாகவே இருக்கும். ஆனால் மீத்தேன் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் காற்றில் சிதைந்துவிடும். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். நீண்ட காலக் கணக்கில் நனைப்பதே லாபம்.

எனக்குப் பிடித்த செய்தி ஜெர்மனியில் இருந்து. மால்கின் என்ற சிற்றூரில் 2014 முதல் ஒரு வெப்பநிலையம் இயங்குகிறது. மறுபடி நனைத்த பீட் நிலத்தில் வளரும் கோரைப்புல்லை ஆண்டுக்கு ஒரு முறை அறுத்துக் காயவைத்து எரிக்கிறார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அதில் வெந்நீரும் சூடும் போகிறது. நிலம் அதே பீட் நிலம். ஆனால் அடியில் இருப்பதைத் தொடவில்லை, மேலே வளர்ந்த அந்த வருஷத்துப் புல் மட்டும் அடுப்புக்குப் போகிறது. வட்டியில் வாழ்வது என்பது இதுதான்.

நமக்கு இதில் என்ன இருக்கு?

ஒன்று. நம்மிடமும் பீட் உண்டு, கொஞ்சம்தான். நீலகிரியின் உயரத்தில், சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே உள்ள சதுப்புகளில் இருக்கிறது. பேராசிரியர் ஆர். சுகுமாரும் கூட்டாளிகளும் அந்தப் பீட்டை எடுத்து ஆராய்ந்து, இருபதாயிரம் ஆண்டுகளில் அங்கே எப்போது மழை மிகுந்தது, எப்போது வறண்டது என்று 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அத்தனை காலப் பதிவேடு அந்தச் சேற்றுக்குள் இருந்திருக்கிறது. பவானி போன்ற ஆறுகளுக்குக் கோடையிலும் நீர் கசியவிடும் பஞ்சுகள் அவை. அங்கே வாய்க்கால் வெட்டிக் காய்கறி போடுவதும் தைலமரம் வைப்பதும் மலைக்காரர் பிரச்சினை மட்டும் இல்லை. சமவெளியில் பாசனம் செய்கிற நம் பிரச்சினையும்கூட.

இரண்டு. கோகோ பீட் என்கிற தென்னை நார்க்கழிவுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்ததே, பீட்டுக்கு மாற்று தேடியதால்தான். ஒரு காலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் சாலையோரம் மலையாகக் கிடந்து வீணானது. இன்று அது வருமானம். இது ஆண்டுதோறும் காய்க்கிற மரத்தின் கழிவு, ஆகவே வட்டிக் கணக்கில் வரும். ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. ஏற்றுமதிக்காக உப்பைக் கழுவும் தண்ணீர் பழுப்பு நிறத்தில் நிலத்தில் இறங்கிக் கிணறுகளைக் கெடுக்கிறது. 2021-இல் இந்த ஆலைகளை வெள்ளைப் பிரிவில் இருந்து ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியது இதனால்தான். அவர்கள் சதுப்பைக் காக்க நம் கிணற்றைக் கெடுத்துக்கொள்ள முடியாது. கழுவிய நீரைத் திருப்பிப் பயன்படுத்தச் சொல்லி ஆலைகளை நாம் கேட்க வேண்டும்.

மூன்று. 'இயற்கை' என்று பையில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. நிலக்கரியும் இயற்கைதான். எங்கிருந்து எடுத்தது, எடுத்த இடம் எத்தனை வருஷத்தில் நிரம்பும் என்று கேட்கப் பழகுவோம். நாற்றுத் தட்டுக்கு நான் இப்போது சாணிக்கரைசல் தெளித்து மக்கவைத்த நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, கொஞ்சம் உமிக்கரி கலந்து போடுகிறேன். மிளகாய் நன்றாகவே முளைக்கிறது. முதல் வாரம் தண்ணீர் மட்டும் கவனித்து விட வேண்டும்.

நாலு. நம் மண்ணில் இருக்கிற அரை சதவீதமும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். காற்றும் வெயிலும் பட்டால் கரிமம் போகும், மூடி வைத்தால் நிற்கும். தேவையில்லாமல் நாலு உழவு ஓட்டுவதும், தாளைக் கொளுத்துவதும், வெற்று நிலமாகக் கோடை முழுக்கப் போடுவதும் நம் ஊர் அளவில் சதுப்பை வடிக்கிற வேலை.

அந்த லாத்வியா பை இன்னும் பாதி கிடக்கிறது. தூக்கி எறிந்தால் அந்தக் கரிமம் வெயிலில் வீணாகத்தான் போகும். ஆகவே ஆடிப்பட்ட நாற்றுக்குக் கலந்து தீர்த்துவிடலாம் என்று இருக்கிறேன். அடுத்த பை வாங்குவதாக இல்லை. "எந்த ஊரு எரு?" என்று இனி வீட்டில் கேட்டால், பின்கட்டில் இருக்கிற குழியைக் காட்டிவிடுவேன்.